தேவனுக்கு முதலிடம்: கடிகாரத்திலும் சம்பளத்திலும்

'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்' என்ற மத்தேயு 6:33 நம்மில் பலருக்கு மனப்பாடம். சறுக்குவது அதன் முதல் சொல்லில். 'முதலாவது' என்பதை 'நிறைய நேரம்' என்று எடுத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் களைத்துப்போவோம். வரிசையில் முன்னால் வைப்பது என்று எடுத்துக்கொண்டால் காலையில் பதினைந்து நிமிடம் போதும்.

இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்கிறது மாற்கு 1:35. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. ஐந்தே முக்காலுக்கு எழுந்தாலும் வெளியே இருட்டுத்தான். நாலு மணிக்கு அலாரம் வைத்து மூன்றாம் நாள் கைவிட வேண்டாம். ஏழு நிமிடம் ஓர் அதிகாரம் வாசியுங்கள். மனத்தில் தைத்த ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுத மூன்று நிமிடம். மீதி ஐந்து ஜெபத்துக்கு. அதில் அன்றைய காரியங்களைப் பெயர் சொல்லியே வையுங்கள்: பத்து மணி மீட்டிங், மகளின் கணிதத் தேர்வு, அம்மாவின் பலதுறை மருந்தகச் சந்திப்பு.

அச்சிட்ட வேதாகமமே நல்லது. கைப்பேசியைத் திறந்தால் வசனத்துக்கு முன்னே வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்க ரோஜாக்கள் வந்து நிற்கும். எம்ஆர்டி ரயிலில் ஒலி வேதாகமம் கேட்கலாம், ஆனால் அது கூடுதல் கணக்கு.

ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்களில் பலர் லேவியராகமத்தின் பலி முறைமைகளில் நின்றுவிடுகிறார்கள். மாற்கில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம். புதிய ஏற்பாடு முழுவதும் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் முடியும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக வாசித்து ஈடுகட்டாதீர்கள். பாக்கி ஏறிக்கொண்டே போய், கடைசியில் புத்தகத்தைத் தொடவே கூச்சம் வந்துவிடும். விட்ட இடத்தில் தொடருங்கள். முடிக்கும் தேதி தள்ளிப்போகட்டும்.

அடுத்தது பணம். நீதிமொழிகள் 3:9 முதற்பலனைக் கேட்கிறது. மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுத்தால் அது கடைசிப் பலன். சம்பளம் விழுந்த மறுநாளே காணிக்கை போகும்படி வங்கியில் நிரந்தர ஏற்பாடு செய்துவிடுங்கள். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தத்துக்கு முன்பா, பின்பா கணக்கிடுவது என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். 55 வயதுக்கு உட்பட்ட ஊழியருக்கு 3,000 வெள்ளி சம்பளத்தில் 20 விழுக்காடு பிடித்தம் போக 2,400 கைக்கு வரும். தசமபாகம் 300 அல்லது 240. வேதத்தில் மசேநி இல்லை! மனச்சாட்சிப்படி ஒன்றை முடிவுசெய்யுங்கள், மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள்.

பெற்றோருக்குக் கொடுக்கும் மாதப்பணத்தை வெட்டி உண்டியலில் போடாதீர்கள். 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:9-13). சபைக் கூட்டங்களுக்கே ஓடிக்கொண்டு வீட்டில் முகம் காட்டாதவர்களுக்கும் இது பொருந்தும்.

ஞாயிறு ஆராதனை சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. உடுப்பைத் தேய்த்து வையுங்கள், பதினொரு மணிக்குள் படுங்கள். ஞாயிறு காலைத் துணைப்பாட வகுப்பை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்; பலர் கேட்பதே இல்லை. ஷிஃப்ட் வேலை என்றால் பணி அட்டவணை வந்தவுடன், அந்த வாரத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போகமுடியும் என்று முதலில் குறித்துக்கொண்டு மற்றதை நிரப்புங்கள்.

உணவங்காடியில் சக ஊழியர்களோடு உட்கார்ந்தால் பத்து வினாடி ஜெபம் போதும். அவர்களுடைய லக்சா ஆறக் கூடாது.

இரவுக் குடும்ப ஜெபம் ஒரு பாட்டு, ஒரு சங்கீதம். சின்னப் பிள்ளையை முதலில் ஜெபிக்க விடுங்கள். அப்பாவின் ஜெபம் நீண்டால் பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிடும்.