அரசுப் பள்ளியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

விழா மலருக்காகப் பள்ளி வரலாறு எழுத உட்காருபவர்கள், நுழைவு வளைவில் எழுதியிருக்கும் தொடக்க ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் பழைய அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 'தொடக்க ஆண்டு' உண்டு: தொடக்கப் பள்ளியாகத் திறந்தது, நடுநிலையானது, உயர்நிலையாகத் தரம் உயர்ந்தது, மேல்நிலையானது. வளைவில் இருப்பது இவற்றில் எது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மேல்நிலைக் கல்வி வந்ததே 1978-ல்தான். அதற்கு முன்பு 11-ஆம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. ஆகவே 1970-ல் இங்கே பிளஸ் டூ இருந்தது என்று யாராவது சொன்னால் அவர் வகுப்பையோ ஆண்டையோ மாற்றிச் சொல்கிறார்.

முதுகெலும்பு சேர்க்கைப் பதிவேடுதான். மற்றதெல்லாம் அதோடு ஒத்துப்பார்க்க வேண்டியவை. தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அலுவலகத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். பதிவேடு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. பழைய மாணவர்களின் பிறந்த தேதியைச் சரிபார்க்க இன்றைக்கும் அதைத்தான் எடுப்பார்கள். படமெடுக்க ஜன்னலோர மேசை போதும், ஃபிளாஷ் வேண்டாம். தையல் விட்டுப்போன புத்தகத்தை அழுத்தி விரிக்காமல், அட்டைக்குக் கீழே மடித்த துண்டை வைத்துப் பாதி திறந்த நிலையில் எடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டவே கூடாது: சில வருடங்களில் பசை பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும், பிரித்தால் மையும் சேர்ந்து வரும். லேமினேஷனும் அப்படித்தான், திரும்பப் பிரிக்க முடியாது.

பிறகு சேர்க்கை எண், சேர்ந்த தேதி, வகுப்பு, முன்பு படித்த பள்ளி, பெற்றோர் தொழில், விலகிய தேதி ஆகியவற்றை எக்செலில் ஏற்றுங்கள். பலரும் தாண்டிப்போவது 'முன்பு படித்த பள்ளி' கட்டத்தைத்தான். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள், எந்த வருடம் அந்த வரவு நின்றது என்று அது காட்டிவிடும். ஓர் ஊர் சட்டென்று மறைந்தால், அங்கேயே உயர்நிலைப் பள்ளி வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை எந்த ஆண்டில் ஏறுகிறது என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் வயது ஐந்து என்று எழுதிச் சேர்த்த காலம் அது. பக்கம் பக்கமாக ஜூன் மாதப் பிறப்புகள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பள்ளியில் இல்லாத ஆவணங்களைத் தேடும்போது மாவட்ட எல்லை காலை வாரிவிடும். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம், தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், அங்குள்ள பழைய பள்ளிகளுக்குத் திருவனந்தபுரம் வரை தேட வேண்டியிருக்கும். பழைய தாள்களில் பள்ளியின் பெயரே 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்று இருக்கலாம். அந்தப் பெயரிலும் தேடுங்கள். அரசாணைகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தரம் உயர்த்திய ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், பதிலுக்கு 30 நாள் கெடு. "பள்ளியின் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. குறிப்பிட்ட ஆணையை, தோராய ஆண்டோடு கேளுங்கள்.

சுவரில் பதித்த நன்கொடைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கும். சுரண்டாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்தின் நிழலே வாசிக்கத் தந்துவிடும். ஆண்டு தெரியாத கல்லில் 'லை', 'னை', 'றா' எப்படி வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். தும்பிக்கை போல மேலே வளைந்த பழைய 'லை' இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவாகச் சொல்ல முடியாது, பழைய கை சிலருக்கு அப்புறமும் மாறவில்லை.

முன்னாள் மாணவர்களிடம் "எந்த வருடம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "இந்தி எதிர்ப்பு நடந்தபோது எத்தனாவது?" என்று கேளுங்கள், 1965 கிடைத்துவிடும். 1964 தனுஷ்கோடி புயல், எம்.ஜி.ஆர். சத்துணவு வந்த 1982, 2004 சுனாமி எல்லாம் இதற்கு உதவும். ஒருவருக்கு ஒரு மணி நேரம் தாண்ட வேண்டாம். சமையல் அம்மா, காவலாளி, வாசலில் மிட்டாய் விற்றவர் ஆகியோரையும் கேளுங்கள். தலைமையாசிரியர்கள் மாறுதலில் போய்விடுவார்கள், இவர்கள் அங்கேயே இருந்தவர்கள்.

அச்சிடும்போது பதிவேட்டுப் பக்கத்தைப் படமாகப் போடாதீர்கள். அதில் சாதி இருக்கும், மதிப்பெண்ணும் இருக்கலாம். பெயரோடு வெளியே போனால் ஊரில் வம்புதான். இரண்டு சாட்சிகள் முரண்பட்டு, ஆவணமும் கைகொடுக்காவிட்டால் இரண்டையும் யார் சொன்னது என்று குறிப்பிட்டுப் போடுங்கள். மலரின் ஒரு பிரதியோடு எக்செல் கோப்பையும் படங்களையும் பள்ளிக் கணினியிலும் தனி ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றி, இருப்புப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பதியாத பொருளை அடுத்து வருபவர் கேட்க மாட்டார்.