வெல்டர் படிப்பு: ஓராண்டில் நழுவவிடக் கூடாதவை

ஐடிஐ-யில் வெல்டர் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், படிப்பும் ஓராண்டுதான். அதனாலேயே பல வீடுகளில் இதை வேறு வழியில்லாதவன் சேரும் படிப்பாக நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு வரும் மாணவன் நாள்களைக் கடத்திவிட்டுச் சான்றிதழோடு வெளியேறுகிறான். ஆனால் நல்ல நிறுவனங்களில் சான்றிதழைப் பார்த்த கையோடு ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து, பற்றவைத்துக் காட்டச் சொல்வார்கள்.

அங்கேதான் பலர் தோற்கிறார்கள். தகட்டை மேசைமேல் கிடத்திப் பற்றவைப்பது 1ஜி எனப்படும் நிலை. ஓரிரு மாதத்தில் கை பழகி, வரிவரியாக அழகான மணி, அதாவது உருகி உறைந்த உலோக வரி, விழும். அந்த அழகில் மயங்கி நின்றுவிடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. செங்குத்தான 3ஜி-யிலும் தலைக்கு மேலான 4ஜி-யிலும் உருகிய உலோகம் கீழே வழியப் பார்க்கும். ஆர்க்கை, அதாவது பற்றவைக்கும் கம்பியான ராடின் நுனிக்கும் உலோகத்துக்கும் இடையே எரியும் மின்பொறியை, குறுக்க வேண்டும்; மின்னோட்டத்தை அளந்து வைக்க வேண்டும். 6ஜி-யில் குழாய் 45 பாகை சாய்ந்து அசையாமல் நிற்கும். வெல்டர்தான் அதைச் சுற்றி வரவேண்டும். எல்லா நிலைகளும் அந்த ஒரே மூட்டில் வந்துவிடும். உள்ளே உருகிச் சேராத இடத்தை மேலே போடும் கடைசி வரி மறைக்கலாம், எக்ஸ்ரே மறைக்காது. ஆகவே முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் கிடத்திய தகட்டிலேயே ராடைக் கரைத்துக் கொண்டிருந்தால், பயிற்றுநரிடம் போய் "ஐயா, செங்குத்தில் மாட்டிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்கிற பையனுக்கு மறுப்பவர்கள் குறைவு.

ராடு விஷயத்திலும் கவனம் வேண்டும். 6013 என்ற வகை ராடு எளிதாகப் பற்றும். ஆனால் கொதிகலன், பாலம் போன்ற பளு தாங்கும் வேலைகளில் கேட்கப்படுவது 7018 வகை. அதன் பூச்சு ஈரம் உறிஞ்சினால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் போய், பற்றவைத்துப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் திறந்து வைத்த ராடை மறுபடி அடுப்பில் காயவைக்கிறார்கள். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே ஒழிய வேண்டும்.

"சின்ன டாக்தானே" (துண்டுகள் நகராமலிருக்க வைக்கும் சிறு பற்று) என்று கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவைப்பார்கள். இமை அந்த ஒளியைத் தடுக்கப் போதாது. வலி அப்போது தெரியாது. இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். துத்தநாகம் பூசிய குழாயில் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால், மாலையில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் புற்றுநோய் உண்டாக்குவதாகவே வகைப்படுத்தியது. முகக்கவசம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் கிரில் பட்டறையில் தினக்கூலி அதிகம் என்று தொழிற்பழகுநர் பயிற்சியை விட்டுவிடுவது இன்னொரு தவறு. வீட்டுக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் திருச்சியில் கொதிகலன் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல் (பிஎச்இஎல்) போன்ற ஆலையில் கழியும் ஓராண்டு, பட்டறையில் பத்தாண்டு இருந்தாலும் கண்ணில் படாத வேலைகளைக் காட்டும். அதே வளாகத்தில் 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

வெளிநாட்டு ஆசை உள்ளவர்கள், முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. பலர் கவனிக்காத விதி ஒன்றும் இருக்கிறது. ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி தேர்வான வெல்டர், அதே முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். ஆகவே விசாவுக்காக வீட்டில் சும்மா காத்திருக்காதீர்கள். டிக் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு பற்றவைக்கும் முறை) தேர்வானவர் டிக் வேலையையே எங்கேனும் செய்துகொண்டிருங்கள். செய்த தேதியோடு நிறுவனத்திடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.