கிளெண்டலாக் போறீங்களா? குழந்தைங்க இருந்தா இதைப் படிச்சிட்டுப் போங்க

அயர்லாந்துல ரெண்டு ஏரி இருக்கிற பள்ளத்தாக்கு இது. டப்ளின்ல இருந்து கார்ல சுமார் ஒரு மணி நேரம், விக்லோ மலை நேஷனல் பார்க்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வெயில் அடிச்சிருச்சுன்னா போதும், லேட்டா போனா பார்க்கிங் கிடைக்கிறது குதிரைக்கொம்புதான், அதனால காலைல ஒன்பதரைக்குள்ள போய்ச் சேர்ந்துடுங்க.

போட்டோவைப் பார்த்துட்டு மேல் ஏரிக்கு மேல இருக்கிற ஸ்பிங்க்ங்கிற மலை முகட்டுல ஏறணும்னு ஆசைப்படாதீங்க. ரயில்வே ஸ்லீப்பர் கட்டை போட்ட படி 600க்கு மேல இருக்கு, நாங்க ஏறி பாதியிலயே அஞ்சு வயசுப் பையனைத் தோள்ல தூக்கிக்கிட்டு எறங்கி வந்தோம், அன்னிக்கு என் முதுகு போச்சு. அதுக்குப் பதிலா கிரீன் ரோட்ல நடங்க, 3 கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் இல்ல, குழந்தையை வெச்சுத் தள்ளுற வண்டியும் போகும். பசங்களுக்கு இன்னும் தெம்பு இருந்தா மேல் ஏரி ஓரமா மைனர்ஸ் ரோட்ல பழைய சுரங்க கிராமம் வரைக்கும் போகலாம், காட்டு ஆடுங்க கண்ணுல பட வாய்ப்பு இருக்கு.

முக்கியமான விஷயம் உண்ணி. மான் திரியிற இடம், பெரணிச் செடிக்குள்ள பூந்து விளையாடுற பசங்களுக்கு முழு பேன்ட் போட்டு அதை சாக்ஸுக்குள்ள சொருகி விடுங்க, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னாடி எல்லாம் பாருங்க. எள்ளு சைஸ்ல இருக்கும், மச்சம்னு விட்டுடாதீங்க. கடிச்சிருந்தா நுனி மெல்லிசா இருக்கிற ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, திருகவோ எண்ணெய் தடவவோ வேணாம்.

மழைக்கோட்டு, எக்ஸ்ட்ரா சாக்ஸ் ரெண்டு ஜோடி. அங்க வெயிலை நம்பக்கூடாது.