வழியில் இறங்கிப் பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துக்கு இரண்டு நாள் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் பட்டியலோடுதான் போகிறார்கள். ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். போகிற வழியில் சுவாமிமலை பெயர்ப்பலகையைப் பார்த்து "இறங்கலாமா?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர்கள் மணி பார்ப்பார்கள். திடீரென்று எழும் ஆசைக்கு நாளில் இடமே விடாமல் கிளம்புவதுதான் முதல் தவறு, என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுதான். பணம் குறைவாக இருக்கிறவருக்கு இந்தத் திடீர்ப் பயணங்கள்தான் ஊர் சுற்றுவதன் உண்மையான சுகம். பஸ் டிக்கெட்டும் ஒரு டீயும் போதும். ஆனால் நேரம் வேண்டும். அரை நாளையாவது எதுவும் எழுதாமல் விட்டுவையுங்கள்.

பக்கத்திலேயே இருக்கிறது தாராசுரம், டவுன் பஸ்ஸில் நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், "சின்னதா இருக்கே" என்று சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். இங்கே அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்க்க வேண்டும். கருவறையின் வெளிச்சுவரில் கீழ்வரிசையாக அறுபத்துமூவர் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டு நிற்கும் சிற்பத்தில், ஒரு உடலைக் கையால் மறைத்தால் மற்றது தெரியும். முன்மண்டபத்தைத் தேராக்கி, சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்கள். இதோடு கங்கைகொண்ட சோழபுரத்தையும் அன்றே சேர்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டையும் சரியாகப் பார்ப்பதில்லை.

நண்பகலை மறப்பது இன்னொன்று. நம்மூர்க் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றரைக்குப் புறப்படுகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். அந்த நேரத்துக்குச் சுவாமிமலைச் சிற்பக்கூடங்கள் பொருத்தமானவை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிற வேலை அங்கே நடக்கிறது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பிலேயே ஆட்டோ பேசினால் செலவெல்லாம் அதிலேயே போய்விடும். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே கிடையாது என்பது நினைவிருக்கட்டும். ஆனால் மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், அது காருக்கான கணக்கு. டவுன் பஸ் ஊர் ஊராக நின்று போகும். இறங்கும்போதே கண்டக்டரிடம் "அண்ணே, திரும்ப வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். எதிரே இருக்கும் டீக்கடையிலும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துவந்தால் நிம்மதியாகச் சுற்றலாம். சில்லறை நோட்டும் கையில் இருக்கட்டும்.

ரயிலில் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. சென்னையிலிருந்து திருச்சிக்கு எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் இறங்கி செஞ்சிக் கோட்டை பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம் என்று நினைக்கக் கூடாது. 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான் இடையில் இறங்கித் தங்கும் சலுகை உண்டு, அதுவும் முதல் 500 கி.மீ. கடந்த பிறகுதான். ஸ்டேஷனில் பையை ஒப்படைத்துவிட்டுப் போகும் க்ளோக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள் என்பதால் சின்னப் பூட்டு ஒன்று அவசியம்.

கிழமையையும் பாருங்கள். மயிலாடுதுறையில் இருக்கும்போது கடல் நினைவு வந்தால் தரங்கம்பாடிக்குப் பஸ் உண்டு. ஆனால் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமையாகவே அமைந்துவிட்டாலும் போகலாம். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது, அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில் கரையோரம் நிற்கிறது, இரண்டும் நடந்தே போகிற தூரம்தான்.