நூறு மெயிலுக்கு நடுவே ஒரு ‘பி ஓகே’

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையருக்கும் (ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்) தையல் ஃப்ளோருக்கும் நடுவே நின்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற வேலை. அதில் முக்கால்வாசி மெயிலில்தான் நடக்கும். சாதாரண நாளில் 120 வரும், ஷிப்மென்ட் வாரத்தில் ஒரு நாளைக்கு 200 தாண்டும்.

ஒரு தீபாவளி லீவு முடிந்து வந்து, லேப் டிப், அதாவது சாய நிற மாதிரித் துண்டு, ஒப்புதலுக்காக நான்கு நாள் காத்திருந்தேன். சாயப்பட்டறை கொடுத்த ஏ, பி, சி மூன்று துண்டில் எந்த நிறம் என்று பையர் சொன்னால்தான் துணி சாயத்துக்குப் போகும். பதில் வரவில்லையே என்று கொஞ்சம் காரமாகவே நினைவூட்டினேன். ‘போன வியாழனே சொல்லிவிட்டேனே’ என்று வந்தது. சொல்லித்தான் இருந்தார். நான் அனுப்பிய தீபாவளி விடுமுறை அறிவிப்புக்கு ரிப்ளை போட்டு, ‘பி ஓகே’ என்று ஒரே வரி. விடுமுறை வாழ்த்துக்கு நன்றி சொல்லியிருப்பார் என்று நான் திறக்கவே இல்லை. அந்த ஆர்டரில் சாயம் ஏறிய துணி சூடு ஆறுவதற்குள் கட்டிங் டேபிளுக்குப் போனது.

அதற்கப்புறம் பழகிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் வைத்திருப்பது ஜிமெயில்.

முதலில் பழைய மூட்டையை இறக்கிவையுங்கள். ஒவ்வொன்றாகப் படித்து அழிக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், வேலையும் முடியாது. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘இன்’ என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து ‘இன்பாக்ஸ்’ என்று அடியுங்கள். ஓர் இடம் விட்டு ‘பிஃபோர்’, முக்காற்புள்ளி, போன மாதத் தேதி. தேதியில் வருடம் முதலில், அப்புறம் மாதம், கடைசியில் நாள், நடுவில் சாய்கோடு. பட்டியல் வந்ததும் மேலே இடது மூலையில் உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தேர்வாகும். பலர் இங்கேயே ஏமாந்துவிடுவார்கள். பட்டியலுக்கு மேலே, தேடலில் வந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று சின்னதாக ஒரு வரி தோன்றும். அதையும் அழுத்திவிட்டு ஆர்க்கைவ் கொடுங்கள். எதுவும் அழியாது, கண்ணை விட்டு விலகும், அவ்வளவுதான். தேடினால் கிடைக்கும். நான் செய்த அன்று 6,000 சொச்சம் மெயில் போனது. இன்றுவரை அதில் எடுத்துப் பார்த்தது இருபதுகூட இருக்காது.

அடுத்தது தலைப்பு. இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. எங்கள் தொழிலில் ஆளும் மாறுவார், சீசனும் மாறும், ஒவ்வொரு டிசைனுக்கும் உள்ள ஸ்டைல் நம்பர் மாறாது. அதனால் தலைப்பில் முதலில் ஸ்டைல் நம்பர், அப்புறம் விஷயம், கடைசியில் எப்போதுக்குள் பதில் வேண்டும்: ‘4471, கழுத்து ரிப் அகலம், புதனுக்குள்’. ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். ரிப்பும் பட்டனும் பேக்கிங் கவரும் ஒரே மெயிலில் போனால் பையர் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுப் போய்விடுவார். யாராவது சம்பந்தமில்லாத பழைய மெயிலில் பேச்சை ஆரம்பித்தால், தலைப்பை மாற்றித்தான் பதில் போடுவேன். மாற்றினால் ஜிமெயில் அதைத் தனிச் சரமாக (த்ரெட்) பிரித்துவிடும். ஒரே சரம் 100 மெயிலைத் தாண்டினாலும் அதுவே உடைத்துவிடும். ஃபிட் கமென்ட்ஸ், அதாவது சாம்பிளின் அளவில் பையர் சொல்கிற திருத்தங்கள், பற்றிய பேச்சு அந்த எண்ணிக்கையை சாதாரணமாகத் தொடும். பாதி ஓரிடம், பாதி ஓரிடம் என்று கிடந்தால் புதிதாக வந்த தம்பி பழைய அளவைப் பார்த்து சாம்பிள் போட்டுவிடுவான்.

லேபிள் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். ஒரு காலத்தில் 43 லேபிள் வைத்திருந்தேன், எதில் எதைப் போட்டேன் என்று தேடவே தனி நேரம் வேண்டியிருந்தது. இப்போது பையருக்கு ஒன்று, ‘காத்திருப்பு’ என்று ஒன்று. கூரியர் தகவல், கண்காட்சி விளம்பரம் இதெல்லாம் ஃபில்டர் வைத்து இன்பாக்ஸுக்கு வராமலே தனியாக ஒரு லேபிளுக்குள் போகும். பையர் மெயிலுக்கு மட்டும் அப்படி ஃபில்டர் வைக்கமாட்டேன், நான் வெறும் சிசியில் இருந்தாலும் சரி.

நேரமும் முக்கியம். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அமெரிக்கக்காரர்கள் எழுதுவது நாம் தூங்கும்போது. ஆகவே காலையில் வந்ததும் அமெரிக்க மெயில், மூன்றரைக்கு மேல் ஐரோப்பா. நடுவில் மெயிலை மூடிவிட்டு ஃப்ளோருக்குப் போய்விடுவேன். அவசரம் என்றால் போன் வரும்.

உட்காரும்போது ஒரு மெயிலை இரண்டு தடவை படிப்பதில்லை. இரண்டு நிமிடத்தில் முடிவது உடனே போகும். லேப் ரிப்போர்ட் வியாழன்தான் வரும் என்றால் அந்த மெயிலை வியாழன் மதியத்துக்கு ஸ்னூஸ் செய்துவிடுவேன், அன்றைக்கு அதுவே மேலே வந்து நிற்கும். நான் கேள்வி கேட்டு அனுப்பியது ‘காத்திருப்பு’ லேபிளில் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து வரிசையாக நினைவூட்டுவேன்.

அப்புறம், செட்டிங்ஸில் அன்டூ சென்ட், அதாவது அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கிற, நேரத்தை ஐந்து விநாடியிலிருந்து 30 ஆக்கிவிடுங்கள். ஒரு பையரின் விலைப் பட்டியலை இன்னொருவருக்கு அனுப்பி, 22வது விநாடியில் திரும்ப இழுத்தவள் சொல்கிறேன்.

இத்தனை செய்தும் சாயப்பட்டறைக்காரர் மெயில் பார்ப்பதில்லை. துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ‘ஓகேங்களா மேடம்?’ என்பார். ‘துண்டு கைக்கு வரட்டும்ண்ணா’ என்று பதில் போட்டுவிட்டு, அவர் சொன்ன தேதியை ஸ்டைல் நம்பரோடு எனக்கே ஒரு வரி மெயிலாக அனுப்பிக்கொள்கிறேன்.