மைக் ஷ்மிட் போட்ட சட்டைதானா? வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிலடெல்பியாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்குப் பேஸ்பால் வீரர் மைக் ஷ்மிட் என்றால் உயிர். 1972 முதல் 1989 வரை அந்த ஊர் பிலீஸ் அணி ஒன்றுக்கே ஆடி, 548 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்தவர். அவர் ஆட்டத்தில் போட்ட ஜெர்சி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவசரப்பட்டு ஏமாந்தேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

ஏலத்தில் எடுத்த அந்தச் சட்டையில் லேபிள், அளவு எல்லாம் சரி. முதுகில் அவருடைய எண் 20. வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். 20-ஐச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள். அவை 20-இன் ஓரத்தோடு போகவில்லை. வேறோர் எண்ணின் வடிவில் வளைந்து போயின. அந்தக் காலத்தில் சீசன் முடிந்த ஜெர்சிகள் கீழ்நிலை அணிகளுக்குப் போகும். எண்ணைப் பிரித்து வேறு எண் தைப்பார்கள். வேறு யாரோ போட்ட சட்டைக்குப் பின்னாளில் 20 ஏறியிருக்கிறது. மனசு விட்டுப்போயிற்று.

ஆகவே முதல் வேலை, வெளிச்சத்தில் பிடிப்பது. நேரில் முடியாவிட்டால் உள்பக்கப் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது புகைப்படத்தோடு ஒப்பிடுவது. இதில்தான் எத்தனை மணி நேரம் போனாலும் தகும். ஷ்மிட் காலத்தில் பிலீஸ் சொந்த மைதானத்தில் போட்ட ஜெர்சியில் மெரூன் நிற மெல்லிய நெடுங்கோடுகள் ஓடும். துணி வெட்டும்போது கோடு எங்கே விழுகிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறும். 2-இன் வாலை எந்தக் கோடு வெட்டுகிறது, தோள் தையலில் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். தேதி தெரிந்த படமாக இருக்கட்டும். ஓரிடம் பொருந்தினால் போதாது. மூன்று நான்கு இடமாவது பொருந்த வேண்டும்.

சான்றிதழை வரிவரியாகப் படியுங்கள். "அவர் காலத்து ஜெர்சியை ஒத்திருக்கிறது" என்பது வேறு, "இன்ன ஆட்டத்தின் படத்தோடு பொருந்துகிறது" என்பது வேறு. விலை இரண்டாவதற்குத்தான் கொடுக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, 2001-க்குப் பிந்தைய பொருளில் தொடங்குங்கள். அந்த ஆண்டு மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் லீக்) தன் ஹோலோகிராம் முறையைக் கொண்டுவந்தது; ஹோலோகிராம் என்பது எண்ணிட்ட, மினுங்கும் ஒட்டி. காவல்துறை அனுபவமுள்ளவர்கள் மைதானத்திலேயே இருந்து பொருளைப் பார்த்து அதை ஒட்டுவார்கள். ஒட்டியில் இருக்கும் எண்ணை லீக்கின் இணையதளத்தில் தட்டினால் விவரம் வரும். 2006-இல் 58 ஹோம் ரன் அடித்த பிலீஸ் வீரர் ரயன் ஹோவர்டு அந்தக் காலத்தவர்தான். அங்கேயும் "ஆட்டத்தில் பயன்பட்டது" என்று இருக்கிறதா, வெறுமனே "அணி வழங்கியது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வழங்கியதை அவர் போடாமலே வைத்திருக்கலாம்.

மட்டை என்றால் பந்தின் தையல் பதிந்த தடத்தையும் கைப்பிடியில் பைன் தார் (பிடி வழுக்காமலிருக்கப் பூசும் பிசின்) எங்கே படிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். லூயிவில் ஸ்லக்கர் என்ற பெயரில் வரும் மட்டையானால், அந்த வீரருக்கு அனுப்பிய மாடல், நீளம், எடை பற்றிய தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடலாம்.

வாங்கிய ஜெர்சியைத் தயவுசெய்து துவைக்காதீர்கள். மார்பிலோ இடுப்பிலோ இருக்கும் செம்மண் கறைதான் நாளைக்கு ஒரு படத்தோடு பொருந்தப்போவது. அமிலமில்லாத தாளில் சுற்றி, வெயில் படாத அலமாரியில் படுக்கை வாக்கில் வையுங்கள்.