செர்பியாவிலிருந்து கொசோவோவுக்குத் தரைவழியே: முத்திரை, சிம், சில்லறை

2018 மார்ச்சில், ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டு அடுப்புக் கடிகாரம் ஆறு நிமிஷம் பின்தங்கியது. பழுது என்று நினைத்து நேரத்தைத் திருத்தி வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் மின்சாரக் கணக்கில் தகராறாம். 113 ஜிகாவாட் மணி மின்சாரம் குறைந்து, ஐரோப்பிய மின்கட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்க, அதை எண்ணி ஓடுகிற கடிகாரமெல்லாம் சோம்பிவிட்டன. என் சமையலறை வரை வந்த சண்டையை நேரில் பார்க்கத் தோன்றியது. இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டேன். போக நினைப்பவர்களுக்காக இது.

முதலில், எந்த வழியாக நுழைகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கொசோவோ 2008 பிப்ரவரியில் செர்பியாவிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது. செர்பியா ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மெர்தாரே சோதனைச் சாவடி கொசோவோவுக்கு எல்லை, செர்பியாவுக்கோ வெறும் ‘நிர்வாகக் கோடு’. அதனால் அங்கே செர்பியத் தரப்பில் நுழைவு முத்திரை குத்த மாட்டார்கள். நான் முதல் தடவை விமானத்தில் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் இறங்கி, அங்கிருந்து செர்பியாவின் நிஷ் நகரத்துக்குப் பேருந்து ஏறினேன். மெர்தாரேயில் செர்பியத் தரப்பினர் இறக்கிவிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி நான் செர்பியாவுக்குள் முறையாக நுழையவே இல்லையே! தப்பு என்னுடையதுதான். மறுநாள் பிரிஷ்டினாவிலிருந்து வடக்கு மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யே போய், அந்த நாட்டு வழியாகச் சுற்றி நிஷ் சேர்ந்தேன். ஆகவே செர்பியாவில் முதலில் நுழைந்து முத்திரை வாங்கிக்கொண்டு கொசோவோ போய், செர்பியாவுக்கே திரும்புங்கள். இல்லாவிட்டால் போகவர இரண்டுக்கும் ஸ்கோப்யேவையே வாசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஜெர்மனியின் வதிவிட அட்டை இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களுக்கு விசா விதி வேறு. 2023 ஜனவரியிலிருந்து செர்பியா இந்தியர்களுக்கு விசா கேட்கிறது. இன்னொன்று, இந்தியாவும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. அங்கே ஓடிப்போய்க் கதவு தட்ட நமக்குத் தூதரகம் கிடையாது. பாஸ்போர்ட் பத்திரம்.

மெர்தாரேயில் பேருந்து நிற்கிற நேரத்தில் போனை நோண்டாமல் லாரி வரிசையைப் பாருங்கள். இரண்டு தரப்பும் மத்திய ஐரோப்பியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அதில் கொசோவோவின் பெயரில் கையெழுத்துப் போட்டது அப்போது அங்கே இருந்த ஐ.நா. நிர்வாகம். காகிதத்தில் வரி கிடையாது. ஆனால் 2008இல் கொசோவோ சுங்கத்துறை தன் முத்திரையை மாற்றியதும், செர்பியாவும் போஸ்னியாவும் அந்தச் சரக்கை உள்ளே விடவில்லை. 2011 செப்டம்பரில்தான் தீர்வு வந்தது: முத்திரையில் ‘குடியரசு’ வேண்டாம், ‘கொசோவோ சுங்கம்’ என்று மட்டும் இருக்கட்டும். லாரிகள் நகர்ந்தன. அதோடு முடிந்ததா? 2018 நவம்பரில் கொசோவோ செர்பிய, போஸ்னியப் பொருள்களுக்கு 100 சதவீத வரி போட்டது, 2020இல் எடுத்தது. 2023 ஜூனில் செர்பியச் சரக்கையே நிறுத்தியது. 2024 அக்டோபரில் மறுபடி வழிவிட்டது, அதுவும் மெர்தாரே வழியாக மட்டும். என்னைக் கேட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கைகளைவிட இந்த லாரி வரிசை நிலவரத்தைச் சரியாகச் சொல்லும்.

சிம் விஷயத்தில் நல்ல சேதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் இங்கே செல்லாது. அது தெரியாமல் ஜெர்மன் சிம்மில் வரைபடம் பார்த்துக்கொண்டே போனதற்கு எனக்கு வந்த பில்லை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. ஆனால் செர்பியா, கொசோவோ உள்ளிட்ட மேற்கு பால்கனின் ஆறு தரப்புகளும் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தை 2021 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டன. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஒரு சிம் வாங்கினால் பிரிஷ்டினா, ஸ்கோப்யே, அல்பேனியாவின் திரானா எங்கும் ஓடும். டேட்டா வரம்பை மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் கொசோவோவுக்கென்று 383 என்ற தொலைபேசிக் குறியீடு வந்ததே 2016 கடைசியில்தான். அதற்கு முன் அங்கே செல்போன்கள் மொனாக்கோ, ஸ்லோவேனியா எண்களில் ஓடின!

பணம்: செர்பியாவில் தினார், வடக்கு மாசிடோனியாவில் டெனார், கொசோவோவில் யூரோ. ஒன்றியத்தில் சேராமலேயே யூரோவைத் தன் பணமாக்கிக்கொண்ட இடம் அது. 2024 பிப்ரவரியிலிருந்து ரொக்கத்துக்கு யூரோ மட்டும்தான். மிச்சமிருக்கிற தினாரை நிஷ் நகரிலேயே மாற்றிவிடுங்கள்.

வாடகைக் காரில் போவதென்றால், கொசோவோவுக்குள் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு போகும் கார்களுக்கான ‘பச்சை அட்டை’க் காப்பீடு அங்கே செல்லாது. சாவடியிலேயே தனியாக எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேலை செய்கிற கொசோவோக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு காரில் ஊர் திரும்புகிற மாதம். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தின நாள் செங்கல்பட்டு டோல்கேட் மாதிரி இருக்கும். அப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர் பாட்டில் இரண்டு கூடுதலாக வைத்துக்கொண்டு விடியற்காலையில் மெர்தாரே போய்ச் சேருங்கள்.